தண்டவாளம் இட்ட கைகள்

சென்ற விடுமுறையின்போது எமது கல்லூரி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு கந்தளாய்க் குளத்தைப் பார்க்கச் சென்றோம். மாலையில் அங்கிருந்து திருகோணமலைக்குப் புகையிரதத்தில் திரும்பினோம். தம்பலகாமத்து வயல்வெளியை வண்டி கடந்துகொண்டிருந்த வேளையில் மாணவன் ஒருவன் ஒரு கேள்வி கேட்டான்.

"ஐயா, கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டுவித்தான் என்று சொல்லுகிறார்கள். இந்தத் தண்டவாளத்தைப் போட்டவர் யார்?"

"ஆங்கில அரசாங்கம்" என்றோம்.

"அரசாங்கமா கல் சுமந்தது, ஐயா?" என்றான் அவன்.

உடன் இருந்தோர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது அன்றோ?

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. காங்கேசன்துறைக்கு 1905 இல் பாதை வந்து சேர்ந்தது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் திருகோணமலையோ 1927 வரை காத்திருந்தது. அடுத்த ஆண்டில் மட்டக்களப்புப் பாதை திறக்கப்பட்டது. வடக்குப் பாதையில் உள்ள மாகோவில் பிரியும் இருப்புப்பாதை கல்லோயாச் சந்தியில் இரண்டாகி, ஒரு கிளை திருகோணமலைக்கும் மற்றையது மட்டக்களப்புக்கும் செல்கிறது. பட்டிப்பளை ஆற்றை மறித்து அமைத்த கல்லோயாத் திட்டம் வேறு, இச்சந்தி வேறு என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

முதலாம் உலகப் போரின் பின் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. சீனக்குடாவில் மாபெரும் எண்ணெய்க் குதங்கள் எழலாயின. அவற்றுள் 99 இன்றும் எஞ்சி நிற்கின்றன. குதங்கள் எழுந்த காலமும் இருப்புப்பாதை வந்த காலமும் ஒன்றையொன்று ஒட்டியவை. பேரரசின் கண் துறைமுகத்தின்மீது இருந்தது. வழியில் இருந்த சிற்றூர்கள்மீது அன்று.

ஆயினும் பாதை வந்தால் ஊரும் வரும். நிலைய அதிபர், கைகாட்டி இயக்குவோர், தண்டவாளம் பழுது பார்ப்போர் ஆகியோர் குடும்பத்துடன் தங்க வீடு வேண்டும். வீட்டுக்குக் கிணறு வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். இவ்வாறே காட்டோரத்து நிலையங்களைச் சூழச் சிறு குடியிருப்புகள் தோன்றின. இரவில் யானைப் பயம். எப்பொழுதும் மலேரியாக் காய்ச்சல். 1946 இல் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கும்வரை, கொயினாவே வறண்ட வலயத்து மக்களின் துணையாயிற்று.

இந்நாட்டின் இருப்புப்பாதைகளில் மண் வெட்டியும் கல் உடைத்தும் உழைத்தவருள் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரை யாவரும் அறிவர். தண்டவாளத்துத் தொழிலாளரை நினைப்பவர் சிலரே.

திருகோணமலைப் பாதை திறந்து பன்னிரண்டு ஆண்டுகளே கழிந்த நிலையில், 1939 இல், அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை விலக்குவதென இலங்கை அரசாங்கம் தீர்மானித்தது. உள்நாட்டாருக்கு வேலையில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். வேலையற்றவனின் துன்பத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் ஒருவன் பசியை ஆற்ற இன்னொருவன் அடுப்பை அணைப்பது நீதியாகுமா? ஜவஹர்லால் நேரு அவ்வாண்டு ஜூலையில் கொழும்புக்கு வந்து பேசியும் முடிவு முற்றாக மாறவில்லை. ஆகஸ்டில் இந்தியா இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது.

மூன்றாண்டுகளின் பின், 1942 ஏப்ரல் 9 ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையையும் சீனக்குடாவையும் தாக்கின. துறைமுகத்தைத் தலைநகரோடு இணைத்த அந்த ஒற்றைப் பாதையின் அருமை அன்று எவருக்கும் விளங்கியிருக்கும். அதை இட்ட கைகளை எத்தனை பேர் நினைத்திருப்பர்? 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டமோ, இந்நாட்டில் வாழ்ந்த இந்தியத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று.

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு வண்டியிலேயே சொன்னோம். அவன் மறுமொழி கூறவில்லை. இரு வாரங்களின் பின் ஒரு குறிப்பேட்டுடன் வந்தான். தன் அம்மம்மா அவருடைய பாட்டனாரைப் பற்றிக் கூறியவற்றை அதில் எழுதியிருந்தான். பெயர், பிறந்த ஊர் ஆகியவற்றின் கீழே மூன்று வரிகள்: "தண்டவாள வேலை செய்தார். 1939 இல் வேலை போயிற்று. ஊர் திரும்பவில்லை."

"இது வரலாறு ஆகுமா, ஐயா?" என்று கேட்டான்.

"ஆகும். அரசாங்கம் கல் சுமக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று" என்றோம்.

வாசகர் இல்லங்களிலும் இத்தகைய மூன்று வரிகள் இருத்தல் கூடும். அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பீராக. குளம் கட்டுவித்தவன் பெயரை நாடு காக்கும். கல் சுமந்தவன் பெயரை அவன் வீடுதான் காக்க வேண்டும்.