கையொப்பம் மட்டும் போதாது

மலையில் கொழுந்து எடுக்கும் நம் பின்னால் நாள் முழுவதும் கங்காணி நிற்கிறார். நம் பிள்ளைகளின் கணித வகுப்புக்குள் அதிபர் கடைசியாக எப்போது போனார்?

பல தோட்டப்புறப் பாடசாலைகளில் மேற்பார்வை என்பது ஆசிரியரின் பாடக்குறிப்பில் இடும் கையொப்பத்தோடு முடிந்துவிடுகிறது. குறிப்பில் பாடம் நடந்திருக்கும். பிள்ளையின் கொப்பியோ வெறுமையாக இருக்கும். சாதாரண தரப் பரீட்சையில் தவறும் பிள்ளைக்குக் கொழும்புக் கடை வேலைதான் மிஞ்சுகிறது.

ஆசிரியரை மிரட்டும் கண்காணிப்பை நாம் கேட்கவில்லை. அதன் வலி நமக்குத் தெரியும். அதிபர் பாடவேளை முழுவதும் பின்வாங்கில் அமர்ந்து பார்க்கட்டும். பிறகு ஆசிரியரோடு தனியே பேசி, குறைக்கு வழி சொல்லட்டும். சில வாரங்களில் மீண்டும் போய்ப் பார்க்கட்டும். பாடத்துக்கு ஆசிரியரே இல்லையென்றால் வலயக் கல்விப் பணிமனையிடம் விடாமல் கேட்கட்டும். நாமும் துணை நிற்போம்.

தோழர்களே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோராகிய நாமும் அங்கத்தவர்களே. கூரைத் தகரம், சிரமதானம் என்பதோடு நின்றுவிடாமல் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்போம்: இந்தத் தவணையில் 11ஆம் தர வகுப்பில் அதிபர் எத்தனை பாடவேளை உட்கார்ந்தார்?