புலப்படமும் வடிவியலும்

கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் கோபிசெட்டிபாளையத்து வயல்களுக்கு நீர் தருகின்றன. வாய்க்கால்கள் நிலச்சரிவை ஒட்டி வளைந்து செல்பவை. அவற்றை அடுத்த வரப்புகளும் பெரும்பாலும் வளைந்தே கிடக்கும். அத்தகைய வயலின் பரப்பை எவ்வாறு அளப்பது? கோடு, கதிர், கோணம் என்னும் தொடக்கப் பாடங்களிலேயே இதற்கு விடை உள்ளது. அவை தேர்வோடு முடிந்துவிடுபவை எனக் கருதுவது பிழை.

நிலஅளவைத் துறையின் புலப்படம் இதற்குச் சான்று. அளவையர் வயலின் எல்லைக்கற்களை நேர்க்கோடுகளால் இணைத்து நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கிறார். முக்கோணம் எதற்கு? நான்கு குச்சிகளை முனையில் கட்டித் தள்ளினால் வடிவம் சாயும். மூன்று குச்சிகளைக் கட்டினால் சாயாது. மூன்று பக்க அளவுகள் ஒரே ஒரு முக்கோணத்தையே தரும். வரப்பு வளையும் இடங்களுக்கு நேர்க்கோட்டிலிருந்து செங்கோணத்தில் தூரம் அளக்கப்படுகிறது. இவ்வாறு, கோணலான எல்லையும் நேரான கோடுகளால் கணக்கிற்குள் வந்துவிடுகிறது.

ஓர் எல்லைக்கல்லில் நின்று மற்றொரு கல்லை நோக்கும் பார்வை ஒரு கதிர். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. அக்கல்லிலிருந்தே வேறொரு கல்லை நோக்கினால் இரு கதிர்களிடையே கோணம் பிறக்கிறது. கதிரை எவ்வளவு நீட்டினாலும் கோணம் பெரிதாவதில்லை. ஆகவேதான் பல ஏக்கர் நிலத்தின் வடிவம் மாறாமல் ஒரு தாளில் அடங்குகிறது. 1802ஆம் ஆண்டில் சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளந்து, பின்னர்க் கோணங்களின் துணையால் முக்கோணங்களைப் பின்னிச் சென்றார். அவருக்குப் பின் வந்தோர் அப்பணியை இமயமலை அடிவாரம்வரை கொண்டு சென்றனர்.

இன்று கருவிகளே அளந்துவிடுகின்றன. இவ்வறிவு இனி எதற்கு என்று சிலர் வினவலாம். அளக்கும் பணியைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். அறியும் பொறுப்பை ஒப்படைக்க இயலாது. பட்டா, நிலம் எவ்வளவு என்பதைக் கூறும். அதன் வடிவையும் எல்லையையும் புலப்படமே காட்டும். பங்காளிகள் நிலம் பிரிக்கும்போதும், எல்லைக்கல் காணாமற்போகும்போதும், படத்தைப் படிக்கத் தெரியாதவர் பிறர் சொல்லை நம்பியே கையொப்பமிட நேர்கிறது.

எனவே, வடிவியல் கரும்பலகையோடு நின்றுவிடலாகாது. கயிறும் நான்கு குச்சிகளும் கொண்டு பள்ளித் திடலை அளந்து படம் வரையும் பயிற்சி, எப்பாடப்பிரிவு மாணவர்க்கும் வேண்டும். நிலமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமன்று, நாளை ஒரு மனையேனும் வாங்க விரும்பும் ஒவ்வொருவர்க்கும் அது காப்பாகும். தம் காலடி நிலத்தின் எல்லையைத் தாமே படித்தறிபவரை ஏமாற்றுவது எளிதன்று.