வந்தியத்தேவனின் வாளும் வாக்கும்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பரிலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. வந்த விமரிசனங்கள் இருவகை. கல்கியைப் படித்தவர்கள், “மணிமேகலை எங்கே? சேந்தன் அமுதனுக்குக் கிடைத்த மகுடம் எங்கே?” என்று கேட்டார்கள். படிக்காதவர்களோ, “பெயர்கள் குழப்புகின்றன, ‘பாகுபலி’யின் பிரம்மாண்டம் இல்லை” என்றார்கள்.

முதல் குறையை நான் பெரிதுபடுத்தமாட்டேன். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்து ஐந்து பாகங்களாக வளர்ந்த கதையை ஐந்தரை மணி நேரத்தில் அடக்கினால் சில கிளைகளை வெட்டத்தான் வேண்டும். ‘பழைய பாணி’ என்பதும் குறையல்ல. குதிரைச் சவாரி, மாறுவேடம், சுரங்கப்பாதை, வாள்வீச்சு இவையெல்லாம் கல்கியே விரும்பிச் சமைத்த விருந்து.

என்னை வருத்தியது வேறொன்று. பேரனை அழைத்துக்கொண்டு பூவாரிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போய்ப் படம் பார்த்தேன். கார்த்தி வாள் வீசியபோது அவன் கைதட்டினான். ஆழ்வார்க்கடியானாக வந்த ஜெயராமும் கார்த்தியும் வாய்ச்சண்டை போட்டபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது, அவன் சிரிக்கவில்லை. “தாத்தா, அவங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டான். மலையாளப் பள்ளியில் படிப்பவன். வீட்டில் தமிழ் பேசுகிறான், படிக்கத் தெரியாது.

வந்தியத்தேவன் வாளால் தப்பியதைவிட வாக்கால் தப்பியதே அதிகம். அந்தச் சுவை கிட்டாதவனுக்கு அவன் வெறும் குதிரைவீரன்தான். 2024-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் இப்படத்துக்குச் சிறந்த தமிழ்ப்படம் என்ற பெருமையோடு ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு ஆகியவற்றுக்கும் விருது கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் வசனம் எழுதிய ஜெயமோகன், பாறசாலையைத் தாண்டினால் வரும் குமரி மாவட்டத்துக்காரர். அவர் தமிழ் நம் பிள்ளைகளுக்கு எட்டவில்லையே!

1956-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நாம் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக் கல்லை இனி நகர்த்த முடியாது. அதற்காக மொழியையும் இப்பால் வரவொட்டாமல் தடுக்க வேண்டுமா?

என் யோசனை எளியது. ஞாயிறுதோறும் ஒரு வீட்டில் பிள்ளைகளைக் கூட்டி, கல்கியின் ஓர் அத்தியாயத்தை உரக்கப் படிப்போம், எழுத்தும் கற்றுக்கொடுப்போம். படம் நன்றா இல்லையா என்பதைப் பிறகு அவர்களே சொல்லட்டும்.