பழைய வால்தர் வாங்கலாமா?

லைசென்ஸ் வைத்திருக்கும் எங்கள் பெரியப்பா, ஒரு செகண்ட் ஹேண்ட் வால்தர் பிபி பிஸ்டலுக்கு லட்சக்கணக்கில் கொட்டப் போகிறாராம். "ஜெர்மன் சரக்குடா, விலை ஏறிக்கிட்டேதான் இருக்கும்" என்கிறார்.

காமர்ஸ் படிக்கிறவன் சும்மா இருப்பேனா? 1929-இல் வந்த மாடல் அது. இங்கே இந்த விலை விற்பதற்குத் தரம் மட்டுமா காரணம்? 1980-களில் அரசு தனியார் இறக்குமதியை நிறுத்தியதுதான் முக்கியக் காரணம். நாம் காசு கொடுப்பது தட்டுப்பாட்டுக்கு! நாளைக்கே தடை தளர்ந்தால் மிஞ்சுவது தேய்ந்த ஸ்பிரிங்கும் பழைய மேகசினும்தான். விற்கவும் லைசென்ஸ் உள்ள ஆளைத்தான் தேட வேண்டும்.

பாதுகாப்புக்கு என்றால், நம்ம ஆர்டனன்ஸ் தொழிற்சாலையின் அஷானியும் அதே .32 தானே? அது வேண்டாமென்றால் வாங்குவது பாதுகாப்பு இல்லை, பந்தா. தங்கச்சியின் காலேஜ் ஃபீஸ் பந்தாவுக்குப் போகணுமா? நீங்களே சொல்லுங்க மக்களே!