ஆறுதல் சொல்லவும் படிப்பு வேண்டுமா?

துன்பப்பட்டவனுக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்லுவதற்கு எம்.ஏ. படிப்பு எதற்கு என்று கேட்கின்றவர்கள் நம் நாட்டில் ஏராளமாக இருக்கின்றார்கள். சமூகப்பணி முதுகலைப் படிப்பில் மனக்காயத்திற்கென்றே ஒரு தனிப்பிரிவு வைத்து, அதில் வருஷக்கணக்காய்ப் பிள்ளைகளைப் பழக்குவது என்பது அவர்களுக்கு வேடிக்கையாய் இருக்கின்றது. "எங்கள் பாட்டி எந்தக் காலேஜில் படித்தாள்?" என்கின்றார்கள். பாட்டியின் பேரில் நமக்கு யாதொரு விரோதமும் இல்லை. ஆனால் பிரமை பிடித்தவள் போல் மூலையில் உட்கார்ந்துவிட்ட பெண்ணைப் பார்த்து, "காற்று கருப்பு அடித்திருக்கும்" என்று சொல்லி வேப்பிலைக்காரனிடம் அனுப்பி வைத்ததும் அதே பாட்டிதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மனக்காயம் என்பது வெறும் துக்கமல்ல. யுத்தம், வெள்ளம், தீ, பலாத்காரம், சாதிக்கொடுமை இவைகளில் சிக்கினவர்களில் சிலருக்கு, சம்பவம் முடிந்து மாதங்கள் ஆன பிறகும் அது இப்பொழுதுதான் நடந்துகொண்டிருப்பதாகவே உடம்பு எண்ணிக்கொள்ளுகின்றது. கதவு தட்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளுகின்றது, தூக்கம் போய்விடுகின்றது, பெற்ற குழந்தையிடத்தில்கூட மனம் ஒட்டுவதில்லை. இதைப் பேய் என்றவர்கள் உண்டு. கர்மபலன் என்றவர்கள் உண்டு. நாகரிகத்தில் உயர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பிரிட்டிஷ் பட்டாளமோ இதைக் கோழைத்தனம் என்றது. முதல் உலக யுத்தத்தில், ஓடிப்போனது, கோழைத்தனம் முதலான குற்றங்களுக்காகத் தங்கள் பட்டாளத்தாராலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. செத்தவனுக்கு மன்னிப்பு கொடுப்பதில் சர்க்கார்கள் எப்போதும் தாராளமானவைதான்.

அந்த யுத்தத்திலேதான் இந்தப் படிப்பும் பிறந்தது. குண்டுவெடிப்பில் காயமே படாத சிப்பாய்கள் நினைவும் பார்வையும் முகர்வும் ருசியும் இழந்து போவதை 1915ஆம் ஆண்டில் சார்லஸ் மையர்ஸ் என்னும் வைத்தியர் எழுதினார். அம்மாதிரியானவர்களைப் பராமரிக்க ஆள் வேண்டுமென்று, அமெரிக்காவில் நார்தாம்டன் என்ற ஊரிலுள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரியில் 1918ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு வகுப்பு தொடங்கினார்கள். பாஸ்டன் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மேரி ஜாரெட் அம்மையார் இதில் முன்நின்றார். கோடையில் பாடம், பிறகு ஆஸ்பத்திரியில் வேலை என்பது ஏற்பாடு. அந்த நவம்பரிலேயே யுத்தம் ஓய்ந்துவிட்டது; படிப்பு ஓயவில்லை. ஆனாலும் இந்தக் காயத்திற்கு வைத்திய நூலில் ஒரு தனிப்பெயர் கிடைப்பதற்கு 1980ஆம் ஆண்டு வரையில் ஆயிற்று. அதுவும் வைத்தியர்கள் தாமாக மனமிரங்கிக் கொடுத்ததல்ல. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களும், பலாத்காரத்திற்கு ஆளான பெண்களுக்காகப் போராடிய பெண்களும் விடாமல் கேட்டதன்பேரில் கிடைத்தது.

இனி, நல்ல மனம் ஒன்றே போதாதா என்பவர்களுக்குச் சொல்லுகின்றோம். விபத்து நடந்த மறுநாளே பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல வைத்துவிட்டால் மனப்பாரம் இறங்கிவிடும் என்று வெகுகாலம் நம்பிச் செய்து வந்தார்கள். செய்தவர்கள் எல்லோரும் நல்லவர்களே. பிறகு ஆராய்ந்து பார்த்ததில், ஒரே தடவை இப்படிப் பேச வைப்பதால் பின்னால் வரும் நோய் தடைபடவில்லை என்றும், சிலருக்குக் கெடுதலே ஆகலாம் என்றும் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் இம்முறை வேண்டாமென்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நாகப்பட்டினக் கரையை அழித்த மாதிரியான சமயத்தில் ஓடி வருகின்ற நல்ல மனிதர், தாயை இழந்த குழந்தையிடம் "அலை எவ்வளவு உயரம் வந்தது?" என்று கேட்பாரானால், அவர் குழந்தைக்கு என்ன செய்கின்றார் என்பதை யோசித்துப் பாருங்கள். முதலில் சோறு, கூரை, உறவினர் இருக்குமிடம், பயமில்லாத இரவு. பேச்சு அதன் பிறகு, அதுவும் அவர்கள் விரும்பினால். இந்த வரிசையைத்தான் காலேஜில் கற்றுக்கொடுக்கின்றார்கள். ஜூடித் ஹெர்மன் என்னும் அமெரிக்க வைத்திய அம்மையார் 1992ஆம் ஆண்டில் எழுதிய புத்தகத்திலும் பாதுகாப்புதான் முதற்படியாக இருக்கின்றது. கேட்கின்றவரையும் இத்துன்பம் தொற்றும் என்பதும், அதற்கு அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வை வேண்டுமென்பதும் பாட்டிக்குத் தெரிந்த சங்கதிகள் அல்ல.

படித்த ஆள் இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு வெளிதேசம் போக வேண்டியதில்லை. ஏர்வாடியில், தர்காவின் பேரில் நம்பிக்கை வைத்துக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டுண்டபடியே கிடந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். கோயிலானாலும் சர்ச்சானாலும் தர்காவானாலும் சங்கிலி ஒரே இரும்புதான்.

இவ்வளவும் சொன்னதால் இப்படிப்பில் குறையே இல்லையென்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். காயம் பட்டவனை மாத்திரம் பார்த்து, காயப்படுத்தினவனைப் பாராமலிருக்கப் பழக்குமானால் அது அரைப்படிப்பேயாகும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலப்பிரபுக்களை ஹைக்கோர்ட்டு விடுதலை செய்தது. அங்கே தப்பிப் பிழைத்தவரிடம் போய், "கண்ணை மூடி மூச்சை மெதுவாக இழுத்து விடு" என்று மாத்திரம் சொல்லுவது சிகிச்சையா, பரிகாசமா? எரித்தவன் எதிர்த் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும்போது, பயப்படுகின்றவனுக்கு நோய் என்று எப்படிச் சொல்லுவது? அமெரிக்காவில் பஃபலோ சர்வகலாசாலையில் மனக்காயப் பாடத்தையும் மனித உரிமைப் பாடத்தையும் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்திருக்கின்றார்கள். நம் நாட்டுக் காலேஜ்களில் சாதியைத் தனித்தாளில் ஒரு அத்தியாயமாக வைத்துவிட்டு, மனக்காயத்தை வேறு தாளில் வைத்தால், மாணவன் இரண்டிலும் மார்க்கு வாங்கிவிட்டு இரண்டையும் சேர்த்துப் பாராமலே வெளியே வருவான்.

நிற்க, சர்க்காரின் காரியத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநல சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் முதுகலைப் பட்டத்தின் மேல் இரண்டு வருஷ எம்.பில். பட்டமும் வேண்டும். 2022ஆம் ஆண்டிலோ யு.ஜி.சி., எம்.பில். பட்டமே கூடாதென்று விதி செய்தது. பிறகு தவறு தெரிந்து, இந்தப் படிப்புக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரையில் தவணை கொடுத்தது. ஒரு கை கேட்கின்ற பட்டத்தை மற்றொரு கை பிடுங்குகின்றது. இரண்டு கைகளுக்கும் சம்பளம் நம் வரிப்பணத்தில்தான்.

இன்னொரு சங்கதி, நமக்கு முக்கியமாய்ப் படுவது. அமெரிக்காவில் இந்த முதுகலைப் பட்டத்திற்குக் குறைந்தது 900 மணி நேரம் களப்பணி செய்தாக வேண்டும். அங்கேயும் இங்கேயும் பெரும்பாலும் அதற்குக் கூலி கிடையாது. வைத்தியப் படிப்பு முடித்து ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறுகின்றவருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அதே ஆஸ்பத்திரியில் தீக்காயம் பட்ட பெண்ணின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் புருஷன் பெயரைச் சொல்லப் பயப்படுவதை நாளெல்லாம் பொறுமையாய்க் கேட்கின்ற மாணவி பஸ் சார்ஜைத் தன் கையிலிருந்து போட வேண்டும். இதனால் யார் படிக்க வருவார்கள்? சேரியிலிருந்தும் மீனவக் குப்பத்திலிருந்தும் வருகின்ற பெண், அந்தக் காயத்தின் மொழியைப் பிறப்பிலேயே அறிந்தவள், இரண்டாம் வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டுத் துணிக்கடையில் நிற்கப் போய்விடுகின்றாள். களப்பணிக்கு வரும் ஒவ்வொரு மாணவருக்கும் வைத்தியப் பயிற்சியாளருக்குக் கொடுப்பதில் பாதியாவது கொடுக்க வேண்டுமென்று சென்னை சர்க்காரைக் கேட்கின்றோம்.