பின்னால் நின்று செய்தி வாசிக்கிறார்கள்!

“என்னடா மாப்ளே, எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற? வந்து இதை மாட்டிக் கொடு” என்று மாமா கூப்பிட்டால் நாம் என்ன செய்வோம்? டெஸ்டரும் கட்டிங் பிளையருமாகக் கிளம்பிவிடுவோம். நானும் கிளம்பினேன். சீட்டுப் பணத்தில் வாங்கிய செட்: ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர், ஒரு ஆம்ப்ளிஃபயர். செட்-டாப் பாக்ஸிலிருந்து ஆப்டிகல் கேபிளைச் செருகி, ரிமோட்டில் ‘5 சேனல் ஸ்டீரியோ’ பொத்தானைத் தட்டினேன். ஐந்தும் கத்தின. “இதுதான் மாமா சரவுண்ட்!” என்றேன். அத்தை காபி கொடுத்தார்.

ஒரு வருஷம் அப்படியே ஓடியது. அத்தை மட்டும், “நியூஸ் வாசிக்கிறவ என் முதுகுக்குப் பின்னால நின்னு வாசிக்கிறாப்பல இருக்குடா. சீரியல்ல பேசுறதும் வெளங்கல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “பழகிடும் அத்தை” என்பேன் நான். நண்பர்களே, அவர் காது சரியாகத்தான் இருந்தது. என் படிப்புதான் அரைகுறை!

ஸ்பீக்கர் எத்தனை என்பது கடைக்காரர் கணக்கு. சேனல் எத்தனை ஒலியை அனுப்புகிறது என்பதுதான் நம் கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டில் ‘எக்ஸ்பர்ட்’ ஆகிவிடுகிறோம் என்பதே என் வருத்தம்.

அந்தக் கால தூர்தர்ஷன் அனலாக் ஒளிபரப்பில் படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒரே ஓர் எஃப்.எம். சவுண்ட் கேரியர். மோனோ. இன்டர்கேரியர் முறையை மனப்பாடமாக ஒப்பிக்கிற நமக்கு இது தெரியும். பிறகு ஸ்டீரியோ. இரண்டே பாதையில் நாலு ஒலியை அனுப்ப ஒரு தந்திரம் இருந்தது. வீட்டுக்கான டால்பி சரவுண்ட் 1982-லும், அதைச் செம்மையாகப் பிரிக்கும் புரோ லாஜிக் 1987-லும் வந்தன. நடுவில் கேட்க வேண்டிய வசனத்தை 3 டெசிபல் குறைத்து இடம், வலம் இரண்டிலும் ஒரே ஃபேஸில் கலப்பார்கள். பின்னால் கேட்க வேண்டியதையும் 3 டெசிபல் குறைத்து, ஒன்றில் +90 டிகிரி, மற்றதில் −90 டிகிரி திருப்பிக் கலப்பார்கள். வீட்டில் இரண்டையும் கூட்டினால் பின் ஒலி அடிபட்டுப் போய் நடு ஒலி ஓங்கும். கழித்தால் நடு ஒலி மறைந்து பின் ஒலி வரும். ப்ளஸ் டூ கணக்குதான்!

நம்பாதவர்கள் லேபில் செய்து பாருங்கள். பொது கிரவுண்ட் உள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் (பிரிட்ஜ் வகையில் வேண்டாம்) இரண்டு ஸ்பீக்கரும் வழக்கம்போல இருக்கட்டும். மூன்றாவதாக ஓர் 8 ஓம் ஸ்பீக்கரை இரண்டு ப்ளஸ் முனைகளுக்கும் நடுவே மாட்டுங்கள். டேவிட் ஹாஃப்லர் பெயரால் அறியப்பட்ட இணைப்பு இது. மோனோ பாட்டு போட்டால் அந்த மூன்றாவது ஸ்பீக்கர் வாயே திறக்காது. ஸ்டீரியோ பாட்டில் பாடகர் குரல் பெரும்பாலும் காணாமல் போய், வயலினும் எதிரொலியும் மட்டும் மிதந்து வரும். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

டிஜிட்டல் வந்ததும் இந்தக் கூட்டல் கழித்தல் தேவைப்படவில்லை; 5.1-ஐத் தனித்தனியாகவே அனுப்பலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று ஐந்து சேனலை அப்படியே அனுப்பினால் 3.84 மெகாபிட் வேண்டும். டால்பி டிஜிட்டல் அதைப் பத்தில் ஒரு பங்காக, 384 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடும். ‘.1’ என்பது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உறுமும் பாதை.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறோம். டால்பி டிஜிட்டல் என்பது ஒலியைச் சுருக்கும் முறையின் பெயர். எத்தனை சேனல் என்பதற்கு அது சாட்சி இல்லை. அதற்குள் 5.1-ம் இருக்கலாம், வெறும் இரண்டு சேனலும் இருக்கலாம். விளக்கு எரிகிறதே என்று குதிக்கக்கூடாது, டிஸ்ப்ளேயில் 2.0-வா, 5.1-ஆ என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, செட்-டாப் பாக்ஸின் ஆடியோ மெனுவில் ‘பி.சி.எம்.’ என்று இருந்தால் ஆப்டிகல் கேபிள் வழியே வருவது இரண்டு சேனல்தான். 5.1-ல் வந்த நிகழ்ச்சியையும் பெட்டி இரண்டாகக் கலந்துதான் கொடுக்கும். ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘டால்பி’ என்று மாற்றினால்தான் முழுசாக வரும். மாமா வீட்டில் ஒரு வருஷமாக இருந்தது பி.சி.எம். நான் அழுத்திய பொத்தான் அந்த இரண்டையே ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கிட்டு ஊற்றியது. செய்தி வாசிப்பவர் பின்னால் போய் நிற்காமல் என்ன செய்வார்?

என்னைக் கேட்டால், செய்தியும் சீரியலுமே பார்க்கிற வீட்டுக்கு முன்னால் இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். இதைச் சொன்னால் நம் மதிப்பு குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி அடுத்தவர் காசைக் கரைப்பதுதான் மதிப்பா?

போன லீவில் மறுபடி போனேன். மெனுவை மாற்றி, இரண்டு சேனல் நிகழ்ச்சிக்குப் புரோ லாஜிக் வைத்து, நடு ஸ்பீக்கரை 3 டெசிபல் ஏற்றினேன். பின்னால் இருந்த இரண்டிலும் காது வைத்துப் பார்த்தேன், செய்தி நேரத்தில் சத்தமில்லை. “இப்பத்தாண்டா முன்னாடி வந்திருக்கா” என்றார் அத்தை. மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, “அப்ப பின்னாடி இருக்கிற ரெண்டும் எதுக்குடா?” என்றார். சில எச்.டி. சேனல்களில் படம் 5.1-ல் வரும்போது பேசும் என்றேன். “எந்தச் சேனல்னு எழுதிக் குடுத்துட்டுப் போ” என்று காலண்டர் தாளைக் கிழித்து நீட்டினார். டிஸ்ப்ளேயைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சேனலாக எழுத ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது.