ஏரியின் இரவு யாருக்கு?

சனிக்கிழமை வந்துவிட்டால் புதுச்சேரிக்குத் திருவிழாதான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் காராக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். கடற்கரைச் சாலையில் காலாற நடக்க இடமில்லை. காந்தி சிலையைச் சுற்றி ஒரே கூட்டம். விடுதிகளில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

வந்தவர்கள் கடலைப் பார்த்தாகிவிட்டது. மணக்குள விநாயகரைக் கும்பிட்டாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளின் முன்னால் நின்று படம் எடுத்தாகிவிட்டது. அடுத்தபடியாக என்ன செய்வது?

"ஒரு ராத்திரி தண்ணீர் ஓரத்தில் தங்கினால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

ஒரு படகு, அதில் ஒரு கூடாரம், அடுப்பு, சாப்பாட்டு மூட்டை. மாலையில் அக்கரை போய்ச் சேருவது. நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே தூங்குவது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் திரும்பி வருவது. கேட்பதற்கே இனிக்கிறது!

ஆசை நியாயமானதுதான்

இந்த ஆசையைக் குற்றம் சொல்வதற்கில்லை. வாரத்தில் ஆறு நாள் மேஜைக்கு முன்னால் முதுகொடிய உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு நாள் காற்றும் தண்ணீரும் வேண்டாமா? பிள்ளைகளுக்குத் துடுப்புப் போடத் தெரிய வேண்டாமா?

தவிர, புதுச்சேரிக்குப் படகு புதிதல்ல. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டிலிருந்து ரோமாபுரியோடு வியாபாரம் நடந்தது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்து அதை உலகுக்குச் சொன்னார். படகைக் கண்டு பயப்படுகிற ஊர் அல்ல இது.

அமெரிக்காவில் இந்த மாதிரியான உல்லாசப் பயணம் சர்வ சாதாரணம். கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டிய கிளென் கான்யன் அணையால் உண்டானது பவல் ஏரி. 1963-ல் நிரம்பத் தொடங்கிய அந்த நீர்த்தேக்கத்தில் படகிலேயே குடும்பத்தோடு தங்குகிறார்கள். கரையில் கூடாரம் அடிக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. கழிப்பிட வசதி இல்லாத கரையில் தங்குபவர்கள் அதற்கென்று ஒரு பெட்டியைக் கையோடு கொண்டு போக வேண்டும்; கழிவைத் திரும்பவும் கொண்டுவந்துவிட வேண்டும். ஏரியில் விடக் கூடாது. மண்ணில் புதைக்கவும் கூடாது.

நம்மவர்கள் அந்தப் படகைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அந்தப் பெட்டியைப் பார்த்து யாராவது ஆசைப்பட்டதுண்டா?

எந்தத் தண்ணீரில்?

புதுச்சேரியில் பெரிய நீர்நிலை எது என்று கேட்டால் சிறு குழந்தையும் ஊசுட்டேரி என்று சொல்லும். நகருக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பரப்பு சுமார் 800 ஹெக்டேர். ஏறக்குறையப் பாதி புதுச்சேரிக்குச் சொந்தம். மறுபாதி தமிழ்நாட்டுக்குச் சொந்தம். மழை நீரோடு, சங்கராபரணி ஆற்றின் நீரும் வாய்க்கால் வழியே வந்து சேருகிறது. அங்கே சுற்றுலாப் படகுகள் ஓடியதும் உண்டு. ஆகவே ராத்திரிப் படகு, கூடாரம் என்றவுடன் எல்லார் கண்ணும் அங்கேதான் போகிறது.

அங்கேதான் போகக் கூடாது!

ஏன் கூடாது? ஊசுட்டேரி வெறும் தண்ணீர்ப் பரப்பு அல்ல. அது பறவைகளின் சத்திரம். 2008-ல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் தமிழ்நாடும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது. வடகிழக்குப் பருவமழை கொட்டி ஏரி நிரம்பியதும் விருந்தாளிகள் வருகிறார்கள். நாமக்கோழி, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, சாம்பல் நாரை, நீர்க்காகம் என்று பட்டியல் நீளுகிறது. வெகு தூரத்திலிருந்து பறந்துவரும் வாத்துகளும் அவற்றில் உண்டு.

"பறவை பகலில் இரை தேடும், ராத்திரி தூங்கும். நாம் ஒரு மூலையில் கூடாரம் போட்டால் அதற்கென்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். விஷயம் அப்படி இல்லை. வாத்துகளில் பல ராத்திரியில்தான் மும்முரமாக இரை தேடுகின்றன. வக்கா என்னும் இராக்கொக்குக்கு இருட்டிய பிறகுதான் பொழுதே விடிகிறது. மற்றவை அடைந்து இளைப்பாறும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் ஒரு மோட்டார் படகு சத்தம் போட்டுக்கொண்டு போனால், ஒரு டார்ச் விளக்கு நாணல் பக்கம் திரும்பினால், நூற்றுக்கணக்கில் எழும்பிப் பறக்கும். மனிதனுக்கு அது வேடிக்கை. பறவைக்கோ அன்று தின்ற இரையெல்லாம் அந்த ஒரு பதற்றத்தில் செலவு. திரும்பிப் போக வேண்டிய நெடும் பிரயாணத்துக்கான கட்டுச்சோற்றை நாம் பிடுங்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைவதற்கே அனுமதி வேண்டும். சட்டம் இருக்கட்டும். விருந்துக்கு வந்தவனைத் தூங்க விடாமல் அடிப்பது எந்த ஊர் மரியாதை?

ஊருக்கெல்லாம் ஒரே பானை

இன்னொரு சங்கதியும் உண்டு. ஏரி என்று நம் முன்னோர் வெட்டியது வேடிக்கை பார்க்க அல்ல, சோறு விளைக்க. சின்னஞ்சிறு புதுச்சேரிப் பிரதேசத்தில் 84 ஏரிகள் இருக்கின்றன என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அவற்றைப் பராமரிக்க விவசாயிகளின் சங்கங்கள் இருந்தன. பின்னாளில் அந்த ஏற்பாடு தளர்ந்தது, ஏரிகளும் தூர்ந்தன. 1999-ல் ஐரோப்பிய யூனியனின் உதவியோடு தூர் வாரும் திட்டம் ஒன்று தொடங்கியபோது, மறுபடியும் விவசாயிகளின் சங்கங்களைத்தான் கூட்ட வேண்டியிருந்தது.

புதுச்சேரி நகரம் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர். கடலோர ஊரில் நிலத்தடி நீர் குறைந்தால் உப்பு நீர் உள்ளே புகுந்துவிடும். அப்படிப் புகாமல் நிலத்தடியை நிரப்பித் தருபவை இந்த ஏரிகள்தாம். ஊசுட்டேரியில் எறியும் ஒவ்வொரு பிளாஸ்டிக் தட்டும், கொட்டும் ஒவ்வொரு சொட்டு டீசலும் ஊருக்கெல்லாம் பொதுவான பானையில் விழுகிற அழுக்கு. சனிக்கிழமை ராத்திரி வந்தவர் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். பானை இங்கேயே இருக்கும்.

கண்ணீர்க் கணக்கு

பறவையும் தண்ணீரும் ஒரு பக்கம் இருக்கட்டும். மனித உயிர் என்ன ஆகிறது?

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் பெரியாறு நீர்த்தேக்கத்தில் 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் பிணமானார்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மீறிக் கூட்டத்தை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின.

மூன்றும் விடுமுறைக் குதூகலத்தில் நடந்தவை. மூன்றிலும் புயலும் இல்லை, சூறாவளியும் இல்லை.

படகு கவிழ்வதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. மேல் தட்டில் பாரம் கூடினால் படகின் நிதானம் போய்விடும். "அதோ பார்!" என்று எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவே போதும். பகலில் இப்படியென்றால் ராத்திரியில்? யார் விழுந்தார், எங்கே விழுந்தார் என்று தெரியாது. உதவிக்கு வரும் படகுக்கும் வழி தெரியாது. "ஆழம் இல்லாத ஏரிதானே!" என்று அலட்சியம் வேண்டாம். ஏரியின் அடியில் சேறு. காலைப் பிடித்தால் விடாது.

இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் சான்றிதழும் வேண்டும் என்று 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. சட்டம் காகிதத்தில் மிதக்கிறது. படகில் ஏறுகிறவன் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டால்தான் அவன் மிதப்பான். அதை ஆசனத்துக்கு அடியில் அடுக்கி வைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

சுண்ணாம்பாறு இருக்கிறதே!

அப்படியானால் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதானா? வேண்டியதில்லை. கடலூர் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர் போனால் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு. சங்கராபரணியின் ஒரு கிளைதான் அது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை அங்கே இருக்கிறது. பாரடைஸ் கடற்கரைக்குப் படகிலேயே போகலாம். படகு சவாரிக்குப் பழகிய இடம், பழகிய ஆட்கள். தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே அதற்கு ஓர் ஒழுங்கு செய்யலாம்.

என்ன ஒழுங்கு? சூரியன் மறைவதற்குள் எல்லாப் படகும் கரைக்கு வந்து கட்டப்பட வேண்டும். தூக்கம் கரையில், படகில் அல்ல. கடலோர மணலிலும் கூடாரம் வேண்டாம். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மணல் அது. விளக்கு வெளிச்சம் குஞ்சுகளைத் திசை திருப்பிவிடும். ஆற்றங்கரையில் குறித்த இடம், குறித்த எண்ணிக்கை, கழிப்பறை, குப்பையைத் திருப்பிக் கொண்டுபோக ஒரு பை. அவ்வளவுதான். படகோட்ட அக்கம் பக்கத்து மீனவ இளைஞர்களை நியமித்தால் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியும். தண்ணீரின் குணம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரி என்றால் பாட்டில் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டிலும் படகும் ஒரே துறையில் ஏறக் கூடாது. குடித்தவனை ஏற்றாத படகோட்டிக்கு அன்றைய கூலி நஷ்டமாகலாம். அந்த நஷ்டத்தை அவன் தலையில் கட்டாமல் நிர்வாகமே ஏற்க வேண்டும். அப்போதுதான் "முடியாது" என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரும்.

வேடந்தாங்கல் சொல்வது

ஊசுட்டேரியை அடியோடு மறந்துவிடச் சொல்லவில்லை. விடியற்காலையில் கரைமேல் நின்று பாருங்கள். பனி விலகும்போது கூழைக்கடாக்கள் இறங்கும் காட்சிக்குப் படகும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம். இரண்டு கண்ணும் கொஞ்சம் மௌனமும் போதும்.

வேடந்தாங்கல் கிராமத்து ஜனங்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று கும்பினியாரிடமே வாதாடினார்கள். 1798-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் தந்தார். பறவையின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை; கண்மாயில் தங்கும் பறவைகள் பயந்துவிடுமாம். ஆண்டுக்கொரு தீபாவளியையே அந்த ஊர்ப் பிள்ளைகள் விட்டுக்கொடுக்கிறார்கள். புதுச்சேரிக்கு வருகிறவர்களிடம் கேட்பது ஒரு சனிக்கிழமை ராத்திரியைத்தான்.

அந்த ராத்திரிக்குச் சுண்ணாம்பாறு இருக்கிறது. ஊசுட்டேரிக்கு வருகிற பறவைக்கு ஊசுட்டேரியை விட்டால் வேறு போக்கிடம் எது? பகலில் ஏரி எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். அதன் இரவு பறவைகளுக்கே இருக்கட்டும்!